காட்டுங்க பாப்பம்

அவரிடம் 'ஓம்' என்று சொல்லித் தப்ப முடியாது. "ஏணியக் கட்டியாச்சா?" என்று கேட்பார். "ஓம் மிஸ்" என்போம். உடனே கழுத்தை ஒரு பக்கம் சரித்து, "காட்டுங்க பாப்பம்" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். பெருநாளைக்குப் புதுச் சட்டை வாங்கியிருக்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் நாம் எப்படிக் கேட்போம், அந்த மாதிரி ஆசையோடு கேட்பார். அதுதான் எங்களுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நான் உச்சமுனைத் தீவுக்காரன். மீன்பிடிதான் தொழில். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பிவிட்டால் எங்கள் பக்கம் கடலில் தோணி இறக்க முடியாது. அந்த மாதங்களில் எங்களில் பலர் கட்டட வேலைக்குப் போய்விடுவோம். அதே காற்றைத் தேடிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் கற்பிட்டிப் பக்கம் வருவார்கள். பெரிய பட்டங்களில் தொங்கிக்கொண்டு கடலோர ஏரியான களப்பில் சறுக்குவார்கள். அவர்கள் தங்குவதற்கு ஹோட்டல்கள் எழும்புகின்றன. எங்களைக் கடலுக்கு விடாத காற்று எங்களுக்குச் சீமெந்து வேலை கொண்டுவந்து தருகிறது.

அப்படியொரு மாடி ஹோட்டல் கட்டுமிடத்தில்தான் அவரைக் கண்டேன். என் தங்கையின் மாப்பிள்ளை மேசன். தலைமை மேசனை இங்கே பாஸ் என்போம். மச்சான்தான் அங்கே பாஸ். ஊரிலிருந்து எங்களைக் கூட்டிப் போனதும் அவர்தான். போய் இறங்கிய பிறகுதான் கம்பனிக்காரர்களின் சட்டம் தெரிந்தது. சாரக்கட்டில் ஏறுகிறவர்கள் முதலில் பயிற்சி எடுக்க வேண்டும். பயிற்சி தருகிறவர் திருப்திப்பட்டால் ஹெல்மட்டில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார். ஸ்டிக்கர் இல்லாதவன் ஏறக் கூடாது. குழுவில் பாதிப்பேருக்கு மேல் தவறினால் குழுவையே அனுப்பிவிட்டு வேறு ஆட்களை எடுப்பார்கள். கடலும் இல்லை, இதுவும் இல்லையென்றால் அந்தப் பருவம் முழுக்க வீட்டில் இருக்க வேண்டியதுதான். மச்சான் எங்களைக் கூட்டிவைத்து, "என்ன கேட்டாலும் ஓமெண்டு செல்லுங்க. எதிர்த்துக் கதைக்க வேணாம்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

பயிற்சி தர வந்தவர் ஒரு பெண். ஐம்பதை ஒட்டிய வயது, கட்டையான உருவம். சிலாபப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் சேலையோடு வருவார். களஞ்சிய அறைக்குள் போய், காற்சட்டையும் கனத்த சப்பாத்தும் போட்டுக்கொண்டு வேறு ஆளாக வெளியே வருவார். ஹெல்மட்டில் பெயர் எழுதியிருந்தது. வெயிலில் எழுத்து வெளிறி, கடைசி எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. நாங்கள் மிஸ் என்றே கூப்பிட்டோம். அவர் இல்லாதபோது காட்டுங்க மிஸ்.

முதல் நாள் அவர் காதில் விழும்படியாகவே ஒருவர் கேட்டார்: "பொம்பளையா எங்களுக்கு ஏறப் பழக்கப் போறா?"

எங்களில் மூத்தவர் காசிம் நானா. அண்ணனை நானா என்போம். வாய்க்காரர். "ஏறப் பழக்க வரல்லடா. எறங்கப் பழக்க வந்தீக்கா" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். மிஸ்ஸும் சிரித்தார். "ஹரி, நானா சொல்றது ஹரி. ஏற எல்லாருக்கும் தெரியும். பின்னேரம் நீங்க எல்லாரும் எறங்கி வீட்ட போகணும். அது மட்டுந்தான் என்ட வேலை."

அவருடைய வீட்டு மொழி சிங்களம். தமிழை வேலையிடங்களில் கேட்டுக் கேட்டுப் பிடித்திருந்தார். 'சரி' அவருக்குக் கடைசி வரையும் 'ஹரி'தான். மரியாதையை எங்கே போடுவது, எங்கே விடுவது என்று திட்டமாகத் தெரியாததால் எல்லோருக்கும் போட்டுவிடுவார். வயது பார்க்காமல் எங்கள் எல்லோரையும் நானா என்பார். வேலையிடத்தில் படுத்துக் கிடக்கும் சொறிநாயையும் "எழும்புங்க, லொறி வருது" என்றுதான் சொல்வார். அது எழும்பும்.

காட்டச் சொல்வது எங்களோடு மட்டும் இல்லை. தேத்தண்ணிக் கடையில் "சீனி போட்டதா?" என்று கேட்பார். கடைக்காரர் "ஓம்" என்பார். மிஸ் கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, அடியில் சீனி கரையாமல் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். ஒருநாள் களஞ்சியப் பொறுப்பாளரிடம், "முதலுதவிப் பெட்டியில பண்டேஜ் இருக்கா?" என்று கேட்டார்.

"ஓம் மிஸ். எல்லாம் ஈக்கு."

"காட்டுங்க பாப்பம்."

பெட்டியைத் திறந்தால் ஒரு சீப்பு, போன் சார்ஜர், பாதி தின்ற பிஸ்கட் பக்கட். மிஸ் ஒன்றும் சொல்லவில்லை. சீப்பை எடுத்து அவர் கையில் கொடுத்து, "கை முறிஞ்சா இதால சீவுவமா?" என்று மட்டும் கேட்டார். அந்த மனிதர் அன்று மாலையே புத்தளத்துக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்து, யாரும் கேட்காமலே எல்லோருக்கும் பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டு திரிந்தார்.

பயிற்சி ஒரு கிடுகுக் கொட்டிலில் நடந்தது. வெளியே மணலில் இரும்புக் குழாய்களால் ஆளுயரத்துக்கு ஒரு சாரக்கட்டு நிறுத்தியிருந்தார்கள். சிங்களத்தில் அதைப் பலஞ்சிய என்பார்கள். எங்கள் வாயிலும் பலஞ்சிதான். குழாயின் அடியில் பலகை வைக்காவிட்டால் எங்கள் மண்ணில் அது எப்படி இறங்கும், காற்றுக்கு அதைச் சுவரோடு எங்கெங்கே கொளுவ வேண்டும், இடுப்பு வாரின் கொக்கியைக் காலடியில் மாட்டாமல் தலைக்கு மேலே ஏன் மாட்ட வேண்டும் என்றெல்லாம் சொல்லித் தந்தார். ஏணியடியில் ஒரு மட்டை தொங்கும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. பச்சையென்றால் ஏறலாம். சிவப்பென்றால் யார் சொன்னாலும் ஏறக் கூடாது.

"விளங்கிச்சா?" என்பார்.

"ஓம் மிஸ்" என்று கொட்டிலே அதிரும்.

எங்களுக்கு அது பழக்கம். பள்ளிக்கூடத்தில் சேர் கேட்டால் முழு வகுப்பும் ஓம் என்போம். கிளினிக்கில் நேர்ஸ் கேட்டால் ஓம். சிங்களத்தில் ஒரு அதிகாரி வந்து ஏதோ கேட்டால் அதற்கும் தலையாட்டுவோம். விளங்கினதா இல்லையா என்பது வேறு விசயம். கேட்டவருக்கு மரியாதை, நமக்கும் கரைச்சல் இல்லை. மிஸ் இந்த மரியாதையை வாங்க மாட்டேன் என்றார். "ஓம் ஒரு சத்தம். எனக்கு சத்தம் வேணாம், வேலையக் காட்டுங்க" என்பார்.

ஒருமுறை காசிம் நானாவிடம், "நாளைக்கு ஏற முந்தி எல்லாக் கட்டுகளயும் பாப்பீங்களா?" என்று கேட்டார்.

"இன்ஷா அல்லாஹ்" என்றார் நானா.

"அது ஓமா, இல்லயா?"

"மிஸ், அல்லாஹ் நாடினா பாப்பம் எண்டு அர்த்தம்."

மிஸ் கொஞ்சம் யோசித்தார். "நாளைக்கு நீங்க உசுரோட எழும்பினா, அது ஆண்டவர் நாடினது. வந்தாப் பொறகு பாக்கிறது உங்கட கண்ணுதானே?"

நானாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. "வாயக் கட்டிப்போட்டா பாருங்க" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். மறுநாள் வந்து முதல் வேலையாகக் கட்டுகளைப் பார்த்தார்.

ஆனால் அதே நானாவுக்கு அவரோடு ஒருநாள் உண்மையாகவே கோபம் வந்தது.

அன்று சாரக்கட்டின் மேல் பலகைகளை நைலோன் கயிற்றால் குழாயோடு கட்டச் சொல்லியிருந்தார். ஆளுக்கொரு பலகை. கட்டி முடித்தோம். மிஸ் வந்து நானாவின் பலகைக்குப் பக்கத்தில் நின்றார்.

"கட்டியாச்சா நானா?"

"ஓம் மிஸ்."

"காட்டுங்க பாப்பம்."

"அந்தா" என்று நானா பெருமையாகக் கையை நீட்டினார். அழகான முடிச்சு. துறையில் தோணியைக் கட்டுகிற அதே முடிச்சு. மிஸ் எட்டி, தொங்கிக் கொண்டிருந்த கயிற்று நுனியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார். முடிச்சு சத்தமில்லாமல் கழன்றது. பலகை ஒருபக்கம் சரிந்து, நுனி மணலில் குத்திக்கொண்டு நின்றது.

நானாவின் முகம் கறுத்துவிட்டது. "ஏன் இழுத்தீங்க? இழுக்காட்டி அது பாட்டுக்குக் கெடக்குமே. இந்த முடிச்சுலதான் எங்கட வாப்பா காலத்துலேருந்து தோணி நிக்குது."

"கடல்ல ஏன் இப்பிடிக் கட்டுறது?"

"அல பெரிசா வந்தா ஒரே இழுவையில தோணிய விட வேணும். அவுத்துக்கிட்டு நிண்டா தோணியோட சேந்து நாங்களும் ஒடைஞ்சி போவோம்."

மிஸ் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு வெறும் வாளியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு சாரக்கட்டின் அடியால் நடந்தார். தொங்கிய வேறொரு கயிற்று நுனி வாளியின் பிடியில் சிக்கியது. அவர் நிற்கவில்லை. அந்தப் பலகையும் இறங்கியது.

"நானா, நீங்க மேல நிக்கீங்க. கீழ ஒருத்தர் போறார். அவர் இழுக்கல்ல. நடக்கார்."

ஒவ்வொருவரும் அவரவர் பலகையைப் பார்த்தோம். எல்லோரும் அதே முடிச்சைத்தான் போட்டிருந்தோம். யோசித்துப் போட்டதில்லை, கை தானாகப் போட்டது. கடலில் கழன்று கொடுக்காத முடிச்சு ஆளைக் கொல்லும். இங்கே கழன்று கொடுக்கிறது கொல்லும்.

"முடிச்சு நல்ல முடிச்சுதான் நானா. எடந்தான் பிழை" என்றார் மிஸ்.

நானா மறுநாள் வந்து, தான் கட்ட வேண்டிய பலகைகளை ஈரக் கயிற்றால் சுற்றிச் சுற்றி, கல்லால் தட்டி இறுக்கிக் கட்டினார். பின்னேரம் அவற்றைக் கழற்றி வேறிடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. எவருக்கும் கழற்ற ஏலவில்லை. மச்சான் கத்தியால் கயிற்றை வெட்டி வெட்டித் திட்டினார். "இழுங்க பாப்பம் மச்சான், இழுங்க" என்று நானா பக்கத்தில் நின்று சிரித்தார்.

மிஸ் ஏன் இப்படி என்று எங்களுக்குள் பல கதைகள் இருந்தன. புருசன் மாடியிலிருந்து விழுந்து மௌத்தானவர் என்றார் ஒருவர். இல்லை, செத்தது தம்பி என்றார் இன்னொருவர். யாரோ ஒருவர் 'பெல்ட் போட்டிருக்கிறேன்' என்று பொய் சொல்லிவிட்டு ஏறி, அவர் கண் முன்னாலேயே விழுந்தாராம். இந்தக் கதைகள் வந்த பிறகு நாங்கள் அவரைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்க்கத் தொடங்கினோம். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது காசிம் நானா மெதுவாகக் கேட்டேவிட்டார்.

மிஸ் சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "என்ட மாத்தயா, புருசன், வீட்ட இருக்கார் நானா. கடை வச்சிருக்கார். நல்லாச் சாப்பிடுறார். தம்பியும் இருக்கார். ஒருத்தரும் விழல்ல." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "யாராவது விழுந்தாத்தானா நான் கேக்கணும்?" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அவராகவே சொன்னார். முதன்முதல் வேலைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாதாம். மதுரங்குளியில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். வீட்டுக்கார உம்மா ஏதாவது கேட்டால் வெட்கத்தில் ஓம் என்பாராம். 'இன்னும் சோறு போடவா?' ஓம். 'கறி காணுமா, போதுமா?' ஓம். 'காணுமெண்டா ஏன் பாத்துக்கிட்டு இருக்க, போடவா?' அதற்கும் ஓம். மூச்சு முட்டும் வரை சாப்பிட்டாராம். வேலையிடத்திலும் அப்படித்தான். ஆட்கள் வந்து தமிழில் எதையோ கேட்பார்கள், இவர் ஓம் என்பார், அவர்கள் போய்விடுவார்கள்.

"என்ன கேட்டாங்க எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியா" என்றார். "ஏறலாமா எண்டு கேட்டாங்களோ? அந்தக் கம்பியக் கழட்டவா எண்டு கேட்டாங்களோ? ஒண்டும் நடக்கல்ல. ஆனா ஓம் எப்பிடி வருது எண்டு எனக்குத் தெரியும். என்ட வாயிலயும் வந்ததுதானே."

அதைக் கேட்ட பிறகு நான் அவரை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். ஏனென்றால் என் வாயில் வேறு எதுவும் வந்ததே இல்லை. கடைக்காரர் நான் கேட்ட சாமானுக்குப் பதில் வேறொன்றைத் தந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். மனைவி திட்டி, மாற்றி வரச் சொல்லி அனுப்புவாள். கடை வாசல் வரை போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அதே சாமானோடு திரும்பி வருவேன். ஆட்களின் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வதற்கு எனக்கு வெட்கம். வாய்தான் அப்படி. கை, கால், கண் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும்.

பயிற்சியின் கடைசி நாள், சோதனை ஒன்று இருக்கும் என்று சொல்லியிருந்தார். நாங்கள் முடிச்சையும் கொக்கியையும் பாடமாக்கிக்கொண்டு காத்திருந்தோம். அப்போது இளம் எஞ்சினியர் ஓடி வந்தார். "கொங்கிரீட் லொறி வந்திட்டு. இக்மன்ட, இக்மன்ட! எல்லாரும் பலஞ்சியில ஏறுங்க!" என்று சிங்களத்திலும் தமிழிலுமாய்க் கத்தினார். மச்சானும் "கெதியா ஏறுங்கடா" என்று கத்தினார். எல்லோரும் அந்த ஆளுயரச் சாரக்கட்டில் ஏறத் தொடங்கினார்கள். நான் ஏணியடிக்குப் போனேன். மட்டையில் சிவப்புப் பக்கம் தெரிந்தது. ஏணியின் மேல் நுனியைக் கட்டியிருந்த கயிற்றையும் காணவில்லை. கால் நின்றுவிட்டது. ஆட்கள் என்னை இடித்துக்கொண்டு ஏறிப் போனார்கள்.

மிஸ் கொட்டிலுக்குப் பின்னாலிருந்து வந்தார். கொங்கிரீட் லொறி ஒன்றும் வரவில்லை. எஞ்சினியரிடம் அப்படிக் கத்தச் சொன்னதே அவர்தான்.

"ஹரி. மௌத்தானவங்க எல்லாரும் எறங்கி வாங்க" என்றார்.

மேலே நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காசிம் நானா என்னைக் காட்டி, "மிஸ், எங்கள அடக்கம் பண்ண, ஜனாஸாத் தொழுகைக்கு இவன் ஒருத்தன்தான் மிச்சம். இவன் தொழுவிச்சா ஒருத்தருக்கும் சத்தம் கேக்காதே" என்றார். சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.

மிஸ் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன் ஏறல்ல?"

நான் மட்டையைக் காட்டினேன்.

"கண்டீங்க. ஹரி. மத்தவங்க ஏறுறத்தயும் கண்டீங்கதானே. ஏன் சொல்லல்ல?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"வாயால சொல்லுங்க பாப்பம். 'இல்ல, ஏறாதீங்க.'"

சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

"கடல்லயும் இப்பிடியா கூப்பிடுவீங்க?"

மச்சான் குறுக்கே வந்தார். "மிஸ், இவன்ட நிக்காஹ்ல சம்மதம் கேட்டுக் கேட்டு, ஓதிவைக்க வந்த லெவ்வைக்கே தொண்ட காஞ்சி போச்சி. விடுங்க, நல்ல வேலைக்காரன்."

மிஸ் விடவில்லை. மற்றவர்களுக்கு மறுநாள் திரும்பவும் சோதனை வைத்து எல்லோருக்கும் ஸ்டிக்கர் ஒட்டினார். அன்று ஏறாமல் நின்ற எனக்கு மட்டும் ஒட்டவில்லை. "நீங்க உங்களக் காப்பாத்திட்டீங்க" என்றார். "மேல நிக்கிறவருக்கு உங்கட கால் தெரியாது நானா. சத்தம்தான் கேக்கும். எப்ப சொல்ல வருதோ அப்ப ஒட்டுறன்."

அது அநியாயம் என்று அன்று நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். மச்சானுக்கும் கோபம். ஏற முடியாத ஒருவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உள்ளே தரை சமப்படுத்தும் வேலையில் என்னைப் போட்டார். எல்லோர் தலையிலும் பச்சை இருக்க, என் ஹெல்மட் மட்டும் வெறுமையாக இருந்தது.

பயிற்சி முடிந்த பிறகும் சாரக்கட்டைப் பார்த்து மட்டையைத் திருப்ப மிஸ் நாள்தோறும் வந்தார். கட்டடம் மூன்றாம் மாடிக்கு எழும்பியபோது காற்றும் கூடியது. சாரக்கட்டின் கடல் பக்கத்தில் தூசிக்காகப் பச்சை வலை கட்டியிருந்தார்கள். ஒரு மாலை வேலை முடிந்து போகும்போது மிஸ் மச்சானிடம், "காத்து மோசம். வலையச் சுருட்டிட்டுப் போங்க" என்றார்.

"ஓம் மிஸ்" என்றார் மச்சான்.

மிஸ் கழுத்தைச் சரித்தார். அந்த நேரம் பார்த்து ரோட்டில் பஸ் ஹோர்ன் அடித்தது. சேலையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அவர் காட்டச் சொல்லாமல் விட்ட ஒரு ஓமை நான் கண்டது அன்றைக்குத்தான். எங்களுக்கும் ஊருக்குப் போகும் வள்ளத்துக்கு நேரமாகிவிட்டது. வலையை யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை மூன்றாம் மாடி ஜன்னல் இடைவெளியால் பார்த்தேன். இரவு முழுக்க அந்த வலை தோணிப் பாயைப் போலக் காற்றை வாங்கியிருக்கிறது. சாரக்கட்டைச் சுவரோடு பிடித்திருந்த இரும்புக் கொளுக்கிகள் கல்லைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தன. ஒவ்வொரு காற்றுக்கும் முழுச் சாரக்கட்டும் சுவரை விட்டு ஒரு சாண் விலகி, மெதுவாகத் திரும்பி வந்தது. நான் மச்சானைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"பேசாம இரி" என்றார். "கொழும்பு ஆக்கள் இண்டைக்குப் பாக்க வாறாங்க. அவங்க போனாப் பொறகு கொளுக்கிய அடிச்சிக்குவம். எங்கட ஆக்கள ஏற விடமாட்டன். இப்பத் தெரிஞ்சா எங்க எல்லாரயும் வீட்ட அனுப்பிருவாங்கடா."

ஹோட்டலுக்குக் காசு போட்ட கொழும்பு ஆட்கள் வந்தார்கள். கீழே நின்று பார்த்துவிட்டுப் போவார்கள் என்றுதான் மச்சான் நினைத்திருந்தார். அவர்களுக்கோ ஒரு பக்கம் கடலையும் மறு பக்கம் களப்பையும் உச்சியிலிருந்து பார்க்க ஆசை. உள் படிக்கட்டு மூன்றாம் மாடியோடு முடிந்துவிட்டது. அதற்கு மேலே போக, நிலத்திலிருந்து எழும்பும் சாரக்கட்டு ஏணிதான். வேலையிட மனேஜர் ஏணியைக் காட்டினார். முந்திய நாள் திருப்பிய மட்டை இன்னும் பச்சையில் இருந்தது.

அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி, உடுப்பு மாற்றிக்கொண்டு வந்த மிஸ், "மொதல்ல நான் பாக்கிறன்" என்று ஏணிக்குப் போனார். ஒரு காலை முதல் படியில் வைத்தார். ஏறுவதற்கு முன் மேலே இருப்பவரைக் கேட்பது அவர் வழக்கம். நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலில் நான்தான் நின்றேன்.

"நானா! அங்க கட்டு ஹரியா?"

அவருக்குப் பின்னால் மச்சான் நின்றார். என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். அதட்டவில்லை, கெஞ்சினார். தங்கையின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. வீட்டில் இருக்கும் எல்லோரும் ஞாபகம் வந்தார்கள்.

ஓம் என்று சொல்லலாம். சொன்னால் மிஸ் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். காட்டுங்க பாப்பம் என்று ஏறி வருவார். ஒன்றும் சொல்லாமல் நின்றாலும் ஏறி வருவார். என் வாழ்க்கை முழுக்க நான் ஒதுங்கி நின்ற ஓம், மௌனம் என்ற இரண்டு இடங்களும் அன்று அந்த ஏணிக்குத்தான் வழி விட்டன.

"இல்ல!" என்றேன். வாயைத் திறந்த பிறகு சத்தத்தை அடக்க முடியவில்லை. "இல்ல மிஸ்! ஏறாதீங்க! செவர விட்டு வந்திட்டு! ஒருத்தரும் ஏறாதீங்க!"

கீழே படுத்திருந்த நாய் எழும்பி நின்றது. மிஸ் படியிலிருந்து காலை எடுத்தார். ஏணியிலிருந்து கையையும் எடுத்தார். மட்டையைச் சிவப்புக்குத் திருப்பினார்.

மனேஜருக்கு விருந்தாளிகளின் முன்னால் மானம் போய்விட்டது. "போய்ப் பாக்காம எப்பிடித் தெரியும்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"எயா கிவ்வனே" என்றார் மிஸ். அவர் சொல்லிவிட்டாரே, என்று அர்த்தம். அந்தளவு சிங்களம் எனக்குத் தெரியும்.

பிறகு உள் படியால் மேலே வந்தார். மச்சானும் பின்னால் வந்தார். "நேத்து வலையச் சுருட்டினீங்களா?" என்று மிஸ் கேட்டார். மச்சானின் வாய் பழக்கத்தில் ஓமுக்குத் திறந்தது. என்னைப் பார்த்தார். "இல்ல மிஸ்" என்றார். "நானும் பாக்கல்ல" என்று மிஸ் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எங்கள் குழுவை அனுப்பவில்லை. பிழையைச் சொன்னதும் அந்தக் குழுவின் ஆள்தானே என்று மிஸ் மனேஜரிடம் வாதாடியதாக எஞ்சினியர் பிறகு சொன்னார். மூன்று மாடிக்கும் புதுக் கொளுக்கி அடித்து, வலையைக் கழற்றிய பிறகுதான் மட்டை பச்சையானது.

மறுநாள் என் ஹெல்மட்டில் ஸ்டிக்கர் ஒட்டினார். கொஞ்சம் கோணலாக ஒட்டிவிட்டார். அடுத்த சோளகத்துக்கு நாங்கள் போனபோது அங்கே வேறு ஒருவர் இருந்தார். மிஸ் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

மச்சான் இன்றைக்கும் சொல்வார்: "அது நிண்டிருக்கும்டா. ஒரு பொம்பள ஏறிப் பாக்கிறத்துக்கு ஒண்டும் ஆயிருக்காது." ஆகியிருக்குமா, ஆகியிருக்காதா என்று எனக்கும் தெரியாது. ஒன்றும் விழவில்லை. ஒருவரும் விழவில்லை. காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

ஆனால் சீனி போட்டதா என்றுகூடக் கண்ணால் பார்க்காமல் நம்பாத அந்த மனுசி, அன்று நான் இல்லை என்று சொன்னபோது காட்டச் சொல்லாமலே படியிலிருந்து காலை எடுத்தார்.